கார்ட்லெஸ் மைக்: பெட்டியைத் திறந்ததிலிருந்து மேடை வரை

பள்ளி ஆண்டு விழா, கோயில் சொற்பொழிவு, மண்டபத்தில் வரவேற்பு, குடியிருப்புச் சங்கத்துப் பொங்கல் விழா என்று இப்போது எங்கே பார்த்தாலும் கையில் கார்ட்லெஸ் மைக்தான். ஒயர் காலில் தட்டாது, பேசுகிறவர் நினைத்த இடத்துக்கு நடக்கலாம், மேடையை விட்டு இறங்கிப் போய்க் கூட்டத்தில் கேள்வி கேட்பவரிடமும் நீட்டலாம். எல்லாம் சரி. தலைமை விருந்தினர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் "கர்ர்" என்று இரைந்து பேச்சு அறுந்துபோனால்தான் வம்பு. யாராவது ஓடி வந்து மிக்ஸரில் (மைக்குகளின் ஒலியைக் கலந்து அளவு வைக்கும் பெட்டி) கைக்கு அகப்பட்ட குமிழைத் திருகுவார். இரைச்சல் போகாது, கூடவே மைக் கூவவும் ஆரம்பிக்கும்.

கோளாறு பெரும்பாலும் அந்தக் குமிழில் இருப்பதில்லை. அதற்கு முன்னாலேயே, பேட்டரியிலோ, மைக்கின் சிக்னலைப் பிடிக்கும் பெட்டியான ரிசீவரை வைத்த இடத்திலோ, மைக் ஓடும் அலைவரிசையான சேனலிலோ, மைக்கின் முதல் கட்ட ஒலியளவிலோ இருக்கும். ஒலி வாயிலிருந்து கிளம்பி பாக்ஸ் (ஸ்பீக்கர்) வரைக்கும் எந்த வழியில் போகிறதோ அதே வழியில், அதே வரிசையில் பார்த்துக்கொண்டு போவதுதான் இந்த வேலையின் சூட்சுமம். இரண்டு கை மைக், ஒரு ரிசீவர், சின்ன மிக்ஸர், இரண்டு பாக்ஸ். நம் பக்க விழாக்களுக்கு அதிகம் வருவது இதுதான் என்பதால் இதை வைத்தே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு பார்வை

கையில் பிடிக்கும் பகுதி வெறும் மைக் இல்லை. தலையில் மைக், உடம்பில் ஒரு குட்டி ரேடியோ நிலையம். பல செட்டுகளில் அது அனுப்பும் சக்தி 10 மில்லிவாட்தான். இவ்வளவு சின்ன சிக்னலை ரிசீவர் பிடித்தாக வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் தானாகப் புரியும்.

ரிசீவரின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 170-லிருந்து 220 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் விஎச்எஃப், பழைய பாணி. 470-க்கு மேலே என்றால் யூஎச்எஃப். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே இடத்தில் இதுவும் ஓடும். இந்தக் கடைசி வகையில் ஒரு தொல்லை உண்டு. காலையில் காலி மண்டபத்தில் சோதித்தால் அருமையாக இருக்கும். மாலையில் ஐந்நூறு பேர் ஐந்நூறு போனோடு வந்து உட்கார்ந்ததும் தடுமாறும். வகுப்பறைக்கும் சின்ன ஹாலுக்கும் போதும். பெரிய கூட்டத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

யூஎச்எஃப் என்றாலும் எண்ணைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 2022 அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5ஜி வந்துவிட்டது. 850, 900 பகுதிகளிலும் மொபைல் சேவை நெடுநாளாக இருக்கிறது. மண்டபத்துக்குப் பக்கத்தில் டவர் இருந்தால் அந்த எண்களில் ஓடும் மைக் படாதபாடு படும். அமெரிக்காவில் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகளுக்குப் பழைய செட்டுகளைத் தூசி தட்டி எடுப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அங்கே 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பாலானதை மொபைல் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டதால், 2020 ஜூலை 13-க்குப் பிறகு அதில் மைக் ஓட்டக் கூடாது.

ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் வேறு அலைவரிசைப் பட்டையில் வந்த மைக்கும் ரிசீவரும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு மைக் உடைந்து, தனியாக இன்னொன்று வாங்கப் போகும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். ரிசீவரின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பேட்டரி

பெரும்பாலான கை மைக்குகளில் இரண்டு பென்சில் செல் போட வேண்டும். கீழ்ப்பாதியைத் திருகி இறக்கினால் செல் அறை தெரியும். அல்கலைன் செல் போடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல் இதற்குத் தாங்காது. மைக்கின் மின்சாரப் பசிக்குச் சீக்கிரம் சோர்ந்துவிடும், விட்டுவைத்தால் ஒழுகி உள்ளே இருக்கும் தகட்டையும் அரித்துவிடும்.

சார்ஜ் செய்யும் செல் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. அல்கலைன் படிப்படியாக இறங்கும், அதனால் மைக்கில் உள்ள பேட்டரி காட்டி ஓரளவு உண்மை சொல்லும். சார்ஜ் செல் கடைசி வரை கெட்டியாக நின்றுவிட்டுத் திடீரென்று சரியும். "இன்னும் இரண்டு கட்டம் இருக்கிறதே" என்று நம்பியிருப்போம், கால் மணி நேரத்தில் மைக் செத்திருக்கும். மெனுவில் பேட்டரி வகையை மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவையுங்கள். இல்லையென்றால் காட்டியை நம்பாமல், இடைவேளையில் செல்லை மாற்றிவிடுங்கள். ஒரு செல் புதுசு, ஒரு செல் பழசு என்று கலக்கவே கூடாது.

ரிசீவரை எங்கே வைப்பது

பாதிப் பிரச்சினை இங்கேதான் முளைக்கிறது. மேடைக்குப் பின்னால் இரும்பு பீரோவுக்குள், ஆம்ப்ளிஃபையருக்கு மேலே, டேபிளுக்கு அடியில் ஒயர்க் குவியலுக்கு நடுவில் என்று ரிசீவரை நான் பார்க்காத இடம் இல்லை. மைக்கிலிருந்து பார்த்தால் ரிசீவரின் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது ஒன்றுதான் விதி. மனித உடம்பில் தண்ணீர் அதிகம். ரேடியோ அலையை அது நன்றாகவே விழுங்கும். கூட்டம் எழுந்து நின்றால், இடுப்பு உயரத்தில் வைத்த ரிசீவருக்குச் சிக்னல் வராது. உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலாவது ஆன்டெனா இருக்கட்டும். ஒரு ஸ்டூல் போட்டு உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டு ஆன்டெனாவையும் 'வி' வடிவில், ஒவ்வொன்றும் 45 பாகை சாய்வாக, விரித்துவையுங்கள். மைக்கைப் பிடிப்பவர் நிமிர்த்தியும் சாய்த்தும் பிடிப்பார். ஏதாவது ஓர் ஆன்டெனாவாவது அந்தச் சாய்வுக்கு ஒத்துப்போகும். டைவர்சிட்டி என்பது இதுதான்: இரண்டு ஆன்டெனாவில் எதில் சிக்னல் நன்றாக வருகிறதோ அதற்கு ரிசீவர் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் மலிவான இரட்டை மைக் செட்டுகளில் இரண்டு ஆன்டெனா இருப்பதைப் பார்த்து டைவர்சிட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு மைக்குக்கு ஓர் ஆன்டெனா என்று பிரித்துக்கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட செட் என்றால் ரிசீவரை வைக்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

ரிசீவருக்குப் பக்கத்தில் வைஃபை ரூட்டர், லேப்டாப், சார்ஜர் அடாப்டர், போன் எதுவும் வேண்டாம். மேடைப் பின்னணிக்கு எல்இடி திரை வைத்திருந்தால் அதிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். மைக்கும் ரிசீவருக்கு ரொம்ப ஒட்டி வேண்டாம். 3 மீட்டராவது இடைவெளி இருந்தால் நல்லது.

சேனல்

இப்போது வரும் பல செட்டுகளில் ஸ்கேன் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவதற்கு முன் நம்முடைய மைக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நம் மைக்கையே யாரோ வெளியாள் என்று நினைத்து ரிசீவர் ஒதுங்கிப் போகும். அதே சமயம், விழா நேரத்தில் என்னென்ன ஓடுமோ, அதாவது எல்இடி திரை, லைட்டுகள், வீடியோக்காரரின் ஒயர்லெஸ் சாதனங்கள், அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கட்டும். எல்லாம் அணைந்த நிலையில் காலியாகத் தெரிந்த சேனல், மாலையில் காலியாக இருக்காது.

ரிசீவரில் முதல் மைக்குக்குச் சேனல் கிடைத்ததும் அந்த மைக்கை அதோடு இணைக்க வேண்டும். அகச்சிவப்புக் கண் உள்ள செட் என்றால் மைக்கின் சின்னக் கருப்புக் கண்ணை ரிசீவரின் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் பிடித்து 'சிங்க்' பொத்தானை அழுத்துங்கள். அந்த வசதி இல்லாததில் மைக்கின் திரையிலும் ரிசீவர் திரையிலும் ஒரே எண் வரும்படி கையால் மாற்ற வேண்டும். முதல் மைக்கை அணைக்காமல் அப்படியே ஓடவிட்டு, இரண்டாவதற்கு ஸ்கேன் செய்யுங்கள்.

இரண்டுக்கு மேல் மைக் போகும்போது ஒரு கணக்கு குறுக்கே வரும். 650 மெகாஹெர்ட்ஸில் ஒரு மைக், 651-ல் ஒரு மைக் ஓடினால், இரண்டும் கலந்து 649-லும் 652-லும் ஆவி போல இரண்டு சிக்னல்கள் முளைக்கும். மூன்றாவது மைக்கை 652-ல் வைத்தீர்களோ, யாரும் தொடாமலேயே அது இரையும். சம இடைவெளியில் அழகாக அடுக்கினால் வரும் வினை இது. கம்பெனிக்காரர்கள் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் 'குரூப்' என்று தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வேறு வேறு சேனலில் வையுங்கள். நீங்களாக எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஸ்க்வெல்ச் என்று ஒரு குமிழோ மெனுவோ இருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்கை அணைத்தாலும் ரிசீவர் காற்றில் இருக்கும் இரைச்சலைப் பிடித்து "ஷ்ஷ்" என்று கொட்டும். ஸ்க்வெல்ச் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சிக்னலை உள்ளே விடாது. மைக்கை அணைத்துவிட்டு, குறைந்த அளவில் ஆரம்பித்து, இரைச்சல் அடங்கும் வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நம் மைக்கே கொஞ்சம் தூரம் போனதும் வெளியே நிறுத்தப்படும்.

ஒலியளவு: மூன்று இடம், ஒரே வரிசை

இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்படாதீர்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்க மூன்று இடம் இருக்கிறது: மைக்கின் உள்ளே ஒன்று, ரிசீவரில் ஒன்று, மிக்ஸரில் ஒன்று. முதல் இடத்தில் ஒலி முறிந்துவிட்டால் பின்னால் எவ்வளவு குறைத்தாலும் அது முறிந்த ஒலிதான். சத்தம் குறையும், கரகரப்பு அப்படியே இருக்கும். முதல் இடத்தில் ரொம்பக் குறைத்து வைத்துப் பின்னால் ஏற்றினால், பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும்.

முதலில் மிக்ஸரில் அந்த மைக்குக்கான வரிசையின் (அதையும் சேனல் என்றுதான் சொல்வார்கள்) ஃபேடரை, அதாவது மேலும் கீழும் தள்ளும் ஒலியளவுக் குமிழை, கீழே இறக்கிவிடுங்கள். யாராவது ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். இங்கே ஒரு வழக்கமான சிக்கல் வரும். "பேசுங்க" என்றால் எல்லோரும் கூச்சத்தோடு "ஹலோ... ஹலோ... ஒன் டூ த்ரீ" என்று முனகுவார்கள். அதற்குத் தகுந்த மாதிரி ஏற்றிவைத்தால், மாலையில் நாடகத்தில் கட்டபொம்மன் வேடம் போட்ட பையன் வசனத்தை எடுத்து வீசும்போது எல்லாம் கிழிந்துவிடும். மேடையில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசச் சொல்லுங்கள். அந்தப் பையனையே கூப்பிட்டு அந்த வசனத்தையே சொல்லச் சொல்வது இன்னும் நல்லது. மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் "ஃபூ" என்று ஊதிப் பார்ப்பதும் வேண்டாம். தட்டினால் பாக்ஸுக்கு அடி, ஊதினால் மைக்கின் மெல்லிய தகட்டுக்கு ஈரம்.

அவர் உரக்கப் பேசும்போது ரிசீவரில் 'ஏஎஃப்' என்று போட்ட விளக்கு வரிசையைப் பாருங்கள். அது ஒலி. பக்கத்திலேயே இருக்கும் 'ஆர்எஃப்' ரேடியோ சிக்னல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏஎஃப் பச்சையில் ஆடி, உச்சத்தில் மஞ்சளைத் தொட்டு வர வேண்டும். சிவப்பு அடிக்கடி எரிந்தால் மைக்கின் உள் அளவைக் குறைக்க வேண்டும். சில மைக்குகளில் செல் அறைக்குள் 0, −10 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் மெனுவில் இருக்கும். சாதாரணப் பேச்சுக்கு 0. கத்திப் பாடுபவருக்கும் நாடகத்துக்கும் −10. மலிவான செட்டில் இந்த வசதியே இருக்காது. அங்கே மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து ரிசீவர். முன்பக்கத்தில் வால்யூம் குமிழ் இருந்தால் முக்கால் அளவில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். பின்பக்கம் ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக் இணைப்பு) வழியும், இரண்டும் கலந்து வரும் பி-38 (கால் அங்குல) ஜாக்கும் இருக்கும். மிக்ஸரில் இடம் இருந்தால் தனித்தனி எக்ஸ்எல்ஆரையே போடுங்கள். அப்போதுதான் மெதுவாகப் பேசும் பாட்டியையும் கணீரென்று பேசும் பேரனையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியும். இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் மிக்ஸருக்குக் கொண்டு போக வேண்டாம். 'மைக்', 'லைன்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால், மிக்ஸரின் மைக் வாய்க்கு மைக் அளவு, லைன் வாய்க்கு லைன் அளவு. மாற்றிப் போட்டால் ஒன்று காது கிழியும், இல்லை ஒன்றுமே கேட்காது. சில ஒயர் மைக்குகளுக்கு மிக்ஸர் அனுப்பும் மின்சாரமான 48 வோல்ட் ஃபேன்டம் பவர் அந்தச் சேனலுக்குத் தேவையில்லை, அணைத்துவையுங்கள்.

கடைசியாக மிக்ஸர். மேலே இருக்கும் கெய்ன் குமிழை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்குவது) அடியோடு குறைத்துவிட்டு, ஃபேடரை 0 குறிக்கு ஏற்றுங்கள். மெயின் ஃபேடரைப் பாதியில் வைத்து, பேசச் சொல்லிக்கொண்டே கெய்னை மெல்ல ஏற்றுங்கள். மீட்டர் 0-வைச் சுற்றி ஆட வேண்டும், உச்ச விளக்கு எரியக் கூடாது. ஹாலுக்கு வேண்டிய சத்தத்தை இதற்கு அப்புறம் மெயின் ஃபேடரில் வைத்துக்கொள்ளலாம். அடித்தொனி, மேல்தொனியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை இதுவரை தொட வேண்டிய அவசியமே வரவில்லை, கவனித்தீர்களா? தொட்டாலும் முதலில் 'லோ கட்' பொத்தானை மட்டும் அழுத்துங்கள். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சில் பெரிதாக ஒன்றுமில்லை. கை உரசும் சத்தமும் மேடைப் பலகை அதிர்வும்தான் அங்கே இருக்கின்றன. குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள்.

பிடிக்கிற விதமும் கூவலும்

மைக் வாயிலிருந்து 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் தூரம். அதை 10 ஆக்கினால் மைக்குக்குப் போகும் ஒலி 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட நீங்கள் மிக்ஸரில் ஏற்றினால் பாக்ஸ் சத்தமும் மைக்குக்குள் அதிகமாகத் திரும்பி வரும், கூவும். மார்புக்கு நேராக மைக்கைப் பிடித்துக்கொண்டு "சத்தமே வரலையே" என்று சொல்பவருக்காக மிக்ஸரைத் தொடாதீர்கள். போய் மைக்கை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் அடித்தொனி பெருகிக் குரல் கும்மென்று ஆகும், 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். பாடகர்கள் அதை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள். பேச்சாளருக்கு அது சரிவராது.

பந்து போன்ற கம்பி வலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பது இன்னொரு தொல்லை. மேடைகளில் அதிகம் வரும் கார்டியாய்ட் வகை மைக் முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும். பின்னால் வரும் ஒலி நுழையும் துளைகள் அந்த வலைக்குள்தான் இருக்கின்றன. பொத்தினால் அந்தக் கணக்கு கெட்டு, மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். அடிப்பக்கத்தையும் பிடிக்கக் கூடாது. பெரும்பாலான கை மைக்குகளில் ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. நடு உடம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பாக்ஸ்கள் பேசுகிறவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மேடையில் இருப்பவர் கேட்பதற்கான பாக்ஸ், அதாவது மானிட்டர் வைத்தால் கார்டியாய்ட் மைக்குக்கு அது நேர் பின்னால், மைக்கின் வாலைப் பார்த்து இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்ட் (முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்டு, நேர் பின்னாலும் கொஞ்சம் கேட்கும் வகை) என்றால் நேர் பின்னால் வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். ஓடாத மைக்கின் ஃபேடரை இறக்கியே வையுங்கள். திறந்திருக்கும் மைக் ஒன்றிலிருந்து இரண்டானாலே, கூவாமல் ஏற்ற முடிகிற அளவில் 3 டெசிபல் போய்விடும்.

நடந்து பாருங்கள்

எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றியதும் ஒருவரை ரிசீவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பேசிக்கொண்டே ஹால் முழுக்க நடந்து பாருங்கள். தூணுக்குப் பின்னால், கடைசி வரிசை, வாசல், மேடையின் இரண்டு ஓரம், படிக்கட்டு. ரிசீவர் பக்கம் நிற்பவர் ஆர்எஃப் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே விளக்கு விழுகிறதோ அங்கே நின்று, மைக்கை உடம்புக்கு மறுபக்கம் மறைத்துப் பிடித்தும் பாருங்கள். காலி ஹாலில் ஒரு விளக்கு மட்டும் எரியும் இடத்தில், கூட்டம் வந்த பிறகு அதுவும் எரியாது. அனலாக் மைக் என்றால் இரைந்து எச்சரிக்கும். டிஜிட்டல் மைக் அப்படி இல்லை, நன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்து சட்டென்று ஊமையாகிவிடும். விளக்கு விழும் இடம் நிறைய இருந்தால் சேனலை மாற்றுவதற்கு முன் ரிசீவரை இடம் மாற்றுங்கள்.

மைக்கில் இருக்கும் சுவிட்சைப் பற்றிப் பேசுபவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சிலர் பேசி முடித்ததும் பொறுப்பாக அணைத்துவிட்டுப் போவார்கள். அடுத்தவர் அணைந்த மைக்கில் ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருப்பார். பூட்டும் வசதி இருந்தால் 'லாக்' போட்டுவிடுங்கள். இல்லையென்றால், சுவிட்சைத் தொட வேண்டாம், நாங்கள் மிக்ஸரில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். முதல் மைக்குக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம் என்று இன்சுலேஷன் டேப் ஒட்டி, மிக்ஸரிலும் அதே நிறத்தை ஒட்டிவைத்தால், மேடையில் யார் கையில் எது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

முடிந்த பிறகு

முதலில் ஆம்ப்ளிஃபையரை அல்லது பாக்ஸை அணைக்க வேண்டும், அப்புறம் மிக்ஸர், கடைசியில் ரிசீவரும் மைக்கும். போடும்போது இதற்கு நேர்மாறு. வரிசை தப்பினால் "டப்" என்று ஒரு வெடிச் சத்தம் வரும், பாக்ஸுக்கு நல்லதில்லை. நடுவில் செல் மாற்றும்போதும் முதலில் ஃபேடரை இறக்கிவிடுங்கள்.

அடுத்த விழா அடுத்த மாதம்தான் என்றால் செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். பல வாய்களுக்கு முன்னால் போன மைக் என்பதால் வலையைத் திருகிக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்புப் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். உள்ளே இருக்கும் பஞ்சையும் தனியாக எடுக்க வருமானால் அலசலாம். வலை இல்லாமல் நிற்கும் மைக்கின் தலையில் தண்ணீரோ ஸ்பிரேயோ படவே கூடாது. வலையும் பஞ்சும் நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் திரும்பப் பூட்ட வேண்டும். பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்து, ஈரம் கொஞ்சம் தெரிந்தாலும் இன்னொரு நாள் விட்டுவிடுங்கள்.